வயலின், லேப்டாப், குறும்படம்: வடசென்னையிலிருந்து இசையமைக்க வருபவர்களுக்கு

வர்ணம் வரை வயலின் கற்றாயிற்று. வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. கூடப் படித்தவன் ஒருவன் பத்து நிமிட ஷார்ட் ஃபிலிம் எடுத்துவிட்டு, "மச்சி, நீதான் மியூசிக்" என்று வந்து நிற்கிறான். வீடு தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ இருக்கிறது. ஸ்டுடியோ எல்லாம் கோடம்பாக்கம், வடபழனி பக்கம். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கர்நாடக சங்கீதம், எலெக்ட்ரானிக் ஒலி, படத்துக்கான பின்னணி இசை மூன்றையும் சேர்த்து வேலை செய்ய என்ன வாங்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எதன் பக்கமே போகக் கூடாது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

"கச்சேரி வாத்தியத்தைக் கொண்டுபோய் கம்ப்யூட்டரோடு சேர்க்கிறாயே" என்று யாராவது முகம் சுளித்தால் மணலி கதையைச் சொல்லுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் இருந்த காலத்தில், அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் நுழைந்த கதையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பிய பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவற்றைத்தான். வெளியிலிருந்து வந்த கருவியையும் மெட்டையும் இழுத்துப் போட்டுக்கொள்வது நம் பக்கத்துக்கு இருநூறு வருஷத்துப் பழக்கம்.

சினிமாவுக்கும் வயலின்காரர்கள் புதியவர்கள் இல்லை. குன்னக்குடி வைத்தியநாதன் கச்சேரி மேடையை விடாமலேயே தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்தார். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள், மூவரும் வயலின்காரர்கள். சுப்பிரமணியம் 'சலாம் பாம்பே' (1988) படத்துக்கு இசை போட்டார். சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டைக் கழுத்து மின் வயலினோடு உலகம் சுற்றினார். மூத்தவர் வைத்தியநாதன், வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) படத்துக்குப் பின்னணி இசை அமைத்தார். உங்களுக்கு முதல் வீட்டுப்பாடம் அந்தப் படம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, இசை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ராகம் எது, வாத்தியம் எது என்பதெல்லாம் அப்புறம்.

வயலினே இன்னும் தொடவில்லை என்றால் இந்தக் கட்டுரையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஒரு வாத்தியாரிடம் போய்ச் சேருங்கள். பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் இசைக் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து பஸ் வசதி நிறைய. யூடியூபைப் பார்த்து வில் பிடிக்கக் கற்றுக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன். தப்பாகப் பிடித்த வில்லைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடப் பெரிய வேலை.

சாமான்கள்

உங்களிடம் இருக்கும் சாதாரண மர வயலின் போதும். மின் வயலின் வாங்கும் ஆசை வரும், தள்ளிப்போடுங்கள். நல்ல மைக்கில் பதிவான மர வயலினை லேப்டாப்பில் எந்தக் கோலத்துக்கும் மாற்றலாம். மின் வயலினிலிருந்து மரத்தின் சத்தத்தை எடுக்க முடியாது.

நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் (நுணுக்கமாகச் சுருதி சேர்க்கும் சின்னத் திருகு) போட்டுக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங் நடுவில் பிரடையை (தந்தியை முறுக்கும் மர ஆணி) திருகிக்கொண்டு உட்கார நேரம் இருக்காது. கடலோரத்தில் வயலின் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் தந்தி சீக்கிரமே துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் தந்தியையும் விரல்பலகையையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் பிரடை ஊதிக்கொண்டு அசையவே அசையாது. செருப்புப் பெட்டி, மருந்து டப்பாவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் வயலின் பெட்டியில் போட்டு வையுங்கள். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்க வேண்டாம்.

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. இரண்டு இன்புட், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தருவது), இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். செகண்ட் ஹேண்டாகவே எடுக்கலாம். ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஸ்டாண்டு, காதை முழுக்க மூடும் ஒயர் வைத்த ஹெட்ஃபோன். புளூடூத் ஹெட்ஃபோன் கண்டிப்பாக ஆகாது. வில்லை இழுத்த பிறகு சத்தம் தாமதமாக வந்து சேரும், லயம் கெட்டுவிடும். கேபிள், ஸ்டாண்டு, பிளக்குக்கெல்லாம் ரிச்சி தெரு. தந்தி, ரோசின், குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ்) அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் கடை.

ரெக்கார்டிங் மென்பொருளில் எது நல்லது என்று சண்டை போட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் அதில் இல்லை. பழைய லேப்டாப்பிலும் ஓடும், படத்தையும் உள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதற்காகப் புதியவர்களுக்கு ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதன் பிறகு உரிமம் வாங்க வேண்டும். மேடையில் லேப்டாப்போடு வாசிக்கும் எண்ணம் இருந்தால் ஏபிள்டன் லைவ். லாஜிக் ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். கிராக் செய்த மென்பொருளோடு வைரஸும் வரும். படம் டெலிவரி செய்யும் அன்றைக்குத்தான் அது தன் வேலையைக் காட்டும்.

முதலில் சுருதி

பெரும்பாலான புதியவர்கள் லேப்டாப்பைத் திறந்ததும் ஒரு டிரம் லூப்பை இறக்குவார்கள், அதன்மேல் நாலு கார்டு, அதன்மேல் கல்யாணியில் ஒரு ஓட்டம். கேட்டால் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சுருதி, அதன்மேல் வயலின், அப்புறம் மற்ற ஒலிகள், தாளம் கடைசியில்.

காரணம் இதுதான். கீபோர்டும் சிந்தசைசரும் ஸ்வரஸ்தானங்களைச் சமமாக 12 பங்கு போட்டு வைத்திருக்கின்றன. ஒரு பங்கு 100 சென்ட். தம்பூராவைக் கேட்டுப் பழகிய உங்கள் விரல் அந்தப் பங்கீட்டில் நிற்காது. பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட். யார் காதுக்கும் தெரியாது. ஆனால் ஷட்ஜத்தோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் 386 சென்டில் இருக்கும், கீபோர்டின் காந்தாரமோ 400-ல் இருக்கும். அந்த 14 சென்ட் நன்றாகவே கேட்கும். மேஜர் கார்டு ஒன்றை நீளமாகப் பிடித்துவிட்டு அதன்மேல் சங்கராபரணத்தின் காந்தாரத்தில் நின்று பாருங்கள், ஏதோ ஒன்று உறுத்தும். "நம்ம வயலின்தான் சுருதி சேரவில்லை" என்று விரலை மாற்ற ஆரம்பிப்பீர்கள். மாற்ற வேண்டியது கார்டைத்தான். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வைத்துக் காந்தாரத்தை எடுத்துவிடுங்கள். காந்தாரம் வயலினுடைய சொத்தாக இருக்கட்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். 5 கட்டை, அதாவது ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். தந்திகள் ச-ப-ச-ப என்று வரும்போது அவை ஜி, டி, ஜி, டி. ஹெர்ட்ஸில் சொன்னால் 196, 294, 392, 588. மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று கட்டும் வயலினில் கீழ் இரண்டு தந்தியும் அப்படியே இருக்க, மேல் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இது கிடைத்துவிடும். தந்தி ரொம்பவும் தொய்ந்து போகாது, மைக்கில் சத்தம் கெட்டியாக விழும். 1 கட்டை, 2 கட்டைக்கு இறக்கினால் கனமான தந்தி மாற்ற வேண்டியிருக்கும். முதல் வேலைக்கு அது வேண்டாத சுமை.

பிறகு சிந்தசைசரில் ஒரு சுருதித் தளம் போடுங்கள். கீழ் ஷட்ஜத்தில் ஒரு சைன் அலை, அதன்மேல் பஞ்சமத்தில் மெல்லிய சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலை. லோ-பாஸ் ஃபில்டரை (மேல் ஒலிகளை வெட்டும் வடிகட்டி) பாதிக்கு மேல் மூடி வைத்து, முப்பது நாற்பது நொடிக்கு ஒரு முறை மெதுவாகத் திறந்து மூட விடுங்கள். சுருதிப் பெட்டி செய்யும் அதே வேலைதான், ஆனால் உயிரோடு அசையும். இதை ஓடவிட்டு ஒரு வாரம் சாதகம் செய்யுங்கள், ரெக்கார்டு பட்டனைத் தொடாமல். இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்களின் இசையில் வயலினும் கம்ப்யூட்டரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலத் தனித்தனியாகக் குடியிருக்கும்.

வீட்டிலேயே பதிவு

தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். அதனால் மைக்கும் கீழே இறங்கி வர வேண்டும். குதிரைக்கு நேராக, வில்லின் பாதையிலிருந்து சற்று விலக்கி, ஒன்றரை அடியில் ஆரம்பியுங்கள். கிட்டே போனால் வில்லின் கரகரப்பும் உங்கள் மூச்சும் பெரிதாகும். தள்ளிப் போனால் அறையின் எதிரொலி ஏறும். நம் வீடுகளின் ஹால் பத்துக்குப் பத்து, டைல்ஸ் தரை, வெறும் சுவர். எதிரொலிதான் முதல் எதிரி. பாயும் போர்வையும் தரையில். முதுகுப் பக்கம் மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, மைக்கின் பின்புறம் சுவரைப் பார்க்காமல் பீரோவைப் பார்க்குமாறு செய்யுங்கள். செலவு இல்லை.

ஃபேன், ஏ.சி., ஃபிரிட்ஜ் மூன்றும் அணைய வேண்டும். ஃபிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி தேடும்போது ஃபிரிட்ஜ் நினைவுக்கு வரும். இல்லையென்றால் மறுநாள் மீன் குழம்புக்கு அம்மாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளான 100, 150, 200-ம் பதிவில் ஏறிவிடும். 200 ஹெர்ட்ஸ் கீழ் ஷட்ஜத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருவதால் பிறகு வெட்டி எடுப்பது கஷ்டம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் வீடு என்றால் கன்டெய்னர் லாரிக்கு ராத்திரி பகல் கிடையாது. கட்டடமே லேசாக அதிரும். மைக் ஸ்டாண்டுக்குக் கீழே நான்காக மடித்த கம்பளி வையுங்கள். பதிவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் ஃபில்டரில் வெட்டிவிடுங்கள். 5 கட்டையில் வயலினுக்கு அங்கே வேலை இல்லை, ஒன்றும் குறையாது.

அமைப்புகள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். படத்துக்கான வேலை எல்லாம் 48-ல்தான் நடக்கும், 44.1-ல் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். பதியும்போது மென்பொருளின் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவிலுள்ள தாமதம் குறையும். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அளவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தால் போதும், சிவப்பைத் தொடக் கூடாது.

இரண்டு விஷயங்களை எக்காரணம் கொண்டும் வயலின் டிராக்கில் செய்யாதீர்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன், கமகத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும். தோடியின் காந்தாரம் ஓர் அசைவாக இல்லாமல் இரண்டு தனி ஸ்வரமாகக் கேட்கும். காலத்தைத் தானாக நேராக்கும் குவான்டைஸ், வில்லின் இழுப்பைக் கட்டத்துக்குள் திணித்துவிடும். பிடிக்கவில்லை என்றால் திரும்ப வாசியுங்கள், நேரம் மிச்சம். கீபோர்டில் வாசிக்கும் சிந்த் ஒலிக்குக் கமகம் வேண்டுமானால் பிட்ச் பெண்ட் அளவைப் பாருங்கள். வழக்கமாக மேலே கீழே இரண்டு அரைஸ்வரம் என்றே இருக்கும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஜாருவுக்கு அது போதாது, பன்னிரண்டுக்கு மாற்றுங்கள்.

ஒரே பிடி, ஐந்து நிறம்

எலெக்ட்ரானிக் இசையைச் சேர்ப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை ஒன்று உண்டு. கச்சேரி உலகத்தில் இதற்குப் பெயர் கிரக பேதம். அங்கே வித்வான் நடுவில் ஷட்ஜத்தை மனதால் நகர்த்திக் காட்டுவார். இங்கே பேஸ் (அடியில் நிற்கும் கனமான கீழ் ஒலி) அந்த வேலையைச் செய்யும்.

மோகனத்தில் ஒரு சின்னப் பிடி, அதாவது நாலைந்து ஸ்வரத் துணுக்கு, வாசித்துப் பதியுங்கள். ஜி ஷட்ஜம் என்றால் ஸ்வரங்கள் ஜி, ஏ, பி, டி, இ. பிடி நேரானதாக இருக்கட்டும், கனமான அசைவு வேண்டாம். கீழே சிந்த் பேஸ் ஜி-யில் நிற்கிறது. கேட்பவருக்கு அது மோகனம், வெயில் அடிக்கிற மாதிரி. வயலினைத் தொடாமல் பேஸை மட்டும் ரிஷபத்துக்கு, அதாவது ஏ-க்கு நகர்த்துங்கள். அதே பிடி மத்தியமாவதியாகக் கேட்கும். காந்தாரத்துக்கு நகர்த்தினால் இந்தோளம், வீட்டுக்குள் இருட்டிவிடும். பஞ்சமத்துக்குப் போனால் சுத்த சாவேரி. தைவதத்துக்கு இறங்கினால் சுத்த தன்யாசி. வயலின் ஒரே பதிவு, நிறம் ஐந்து.

கதாநாயகி அதே ஜன்னலோரத்தில் மூன்று காட்சிகளில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காத்திருக்கிறாள், பிறகு சந்தேகப்படுகிறாள், கடைசியில் முடிவெடுத்துவிட்டாள். மூன்றுக்கும் மூன்று மெட்டு தேட வேண்டாம். பார்ப்பவருக்குப் பிடி நினைவில் இருக்கும். அவள் மாறிவிட்டதை பேஸ் சொல்லிவிடும். பேஸ் மாற்றும்போது மேலே ஓடும் சுருதித் தளத்தை முன்கூட்டியே மெல்ல இறக்கிவிட வேண்டும். பழைய ஷட்ஜம் காதில் அடித்துக்கொண்டே இருந்தால் மாற்றம் பிடிபடாது. இன்னொரு எச்சரிக்கை: இது ஸ்வர அளவில் நடக்கும் வித்தைதான். இந்தோளத்துக்கே உரிய அசைவுகள் மோகனப் பிடியில் இருக்காது. வித்வான்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் கோபப்படாதீர்கள், அவர்கள் சொல்வதும் நியாயமே.

சுத்த சாவேரி என்றதும் ஒரு விஷயம். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மன் மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்பார்கள். கல்யாணி, ஆரபி, பேகடா, சாவேரி, சுத்த சாவேரி என்று ஐந்து ராகம். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் முதன்முதலில் பரிசோதனை செய்து பார்க்க இதைவிட நல்ல சரக்கு கிடையாது. தியாகராஜர் காலமானது 1847-ல். அதனால் கீர்த்தனைக்குக் காப்புரிமைப் பிரச்சினையும் இல்லை. ஆனால் வேறொரு வித்வானின் ரெக்கார்டிலிருந்து நாலு நொடி வெட்டி ஒட்டினால் அது அவருடைய, அவருடைய கம்பெனியுடைய உரிமை. நீங்களே வாசியுங்கள்.

ஊர்ச் சத்தம்

லூப் பொட்டலங்களை இறக்குவதைவிட வாசலுக்கு வெளியே போவது லாபம். கும்மிடிப்பூண்டி லோக்கல் பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது தண்டவாளம் மாறும் தடதடப்பு, காசிமேட்டில் விடியலுக்கு முன் ஐஸ் அரைக்கும் எந்திரம், விசைப்படகின் டீசல் என்ஜின், தங்கசாலைப் பக்கம் பட்டறைகளின் உலோகச் சத்தம். போனிலேயே பதியலாம். காற்று அடிக்கும் இடத்தில் மைக் ஓட்டையை மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

என்ஜின் சத்தத்தை லேப்டாப்பில் பாதி வேகத்துக்கு இறக்கினால் ஒரு ஸ்தாயி கீழே போகும். இன்னும் பாதியாக்கினால் இன்னொரு ஸ்தாயி. உறுமல் நிதானமாகி ஒரு ஸ்வரமாகவே கேட்கத் தொடங்கும். அதை உங்கள் ஷட்ஜத்துக்கு நகர்த்தி, சுருதித் தளத்துக்கு அடியில் மெல்ல வையுங்கள். பார்ப்பவருக்கு அது படகு என்று தெரிய வேண்டியதில்லை. அந்த ஊர் என்று மட்டும் உணர்ந்தால் போதும். ஐஸ் எந்திரத்தின் சரசரப்பை அரை நொடித் துண்டுகளாக வெட்டினால் ஷேக்கருக்கு பதிலாகப் பயன்படுத்தலாம்.

துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது முகத்துக்கு நேராக போனை நீட்டாதீர்கள். கேட்டுவிட்டுப் பதியுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள், பாதிப் பேர் கூடவே ஒரு பாட்டும் பாடிக் காட்டுவார்கள். சாவு வீட்டுப் பறையையும் மரண கானாவையும் "நல்ல சவுண்டு" என்று ஒளிந்து பதிவது அசிங்கம். கானா வேண்டுமென்றால் கானா பாடுபவரையே அழையுங்கள். பேசிய பணத்தைப் பதிவு முடிந்த உடனே கையில் கொடுங்கள், டைட்டிலில் பெயர் போடுங்கள், மெட்டு அவருடையது என்றால் இசையிலும் பங்கு அவருடையதுதான். 2017-ல் தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானாவையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தியபோது பாடகர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அலங்காரத்துக்காக அல்ல.

தாள வாத்தியத்தைக் கடைசியில் சேர்க்கச் சொன்னேன். கானாவில் சட்டி மேளமும் டோலக்கும் அடிக்கும் நடை எலெக்ட்ரானிக் கிக்கோடு (டிரம்மின் கனமான கீழ் அடி) அருமையாகப் பொருந்தும், ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் அடித்தால் சேறாகிவிடும். கிக் அடிக்கும் மாத்திரையில் சட்டியை எடுத்துவிடுங்கள்.

படத்துக்குப் போடுவது

முதல் விதி: எடிட்டிங் முடிந்து லாக் ஆன படத்துக்கு மட்டுமே இசை போடுங்கள். "இன்னும் ரெண்டு ஷாட்தான் மாறும் மச்சி" என்றால் அந்த ரெண்டு ஷாட் மாறி வரட்டும், காத்திருங்கள். திரையில் நேரம் ஓடும் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். நொடிக்கு எத்தனை ஃபிரேம், 24-ஆ 25-ஆ என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு டைரக்டரோடு உட்கார்ந்து இசையே இல்லாமல் ஒரு முறை பாருங்கள். எங்கே இசை வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் பாதி வேலை. புதிய டைரக்டர்கள் தலைப்பிலிருந்து நன்றி கார்டு வரை இசை கேட்பார்கள். பத்து நிமிடப் படத்தில் நாலு நிமிடம் இசை இருந்தால் தாராளம் என்பது என் கட்சி. அவர்கள் ஏற்கெனவே யாரோ ஒருவரின் இசையை ஒட்டி எடிட் செய்திருந்தால் அதை ஒரே முறை கேட்டுவிட்டு ஒதுக்குங்கள். நாலு முறை கேட்டால் உங்கள் விரல் அதையேதான் வாசிக்கும்.

சங்கீதம் கற்றவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. படத்தில் ஒரு நொடியைக் குறிவைத்து இசை போய் விழ வேண்டும். கோர்வை (கணக்காகக் கட்டிய முடிப்பு) போட்டு எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடம்) விழுவதும் அதுதான். காட்சி ஆரம்பித்து 14-வது நொடியில் கதவு திறக்கிறது என்று வையுங்கள். ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் போட்டு அங்கே விழ வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு 68.57 என்று விகாரமாக வரும். வேகம் 60, அதாவது நொடிக்கு ஓர் எண்ணிக்கை வைத்து மிஸ்ர சாபுவாக எண்ணுங்கள். ஏழும் ஏழும் பதினாலு. மூன்றாவது ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது முதல் அடியில், கதவு திறக்கும். கதவு 17-வது நொடியில் என்றால்? ததிங்கிணதொம் என்ற ஐந்து எண்ணிக்கைச் சொற்கட்டு மூன்று முறை, நடுவில் ஒவ்வோர் எண்ணிக்கை கார்வை (இடைவெளி): ஐந்தும் ஒன்றும் ஐந்தும் ஒன்றும் ஐந்தும் பதினேழு. அடுத்த எண்ணிக்கை கதவு.

ஆனால் இப்படி மூன்று முறை வரும் மோராவை மோராவாகவே வாசித்து வைக்காதீர்கள், நாட்டிய நாடகம் போல ஆகிவிடும். கணக்கு உங்கள் மனதில் இருக்கட்டும். வெளியே கேட்பது மூன்று நீண்ட வில் இழுப்பு, நடுவில் இரண்டு சின்ன மௌனம். மூன்றாவது இழுப்பு முடிந்து கதவு திறக்கும் இடத்தில் ஒன்றுமே வாசிக்காமல் விட்டுப் பாருங்கள். கதவின் சத்தமே சமமாக விழும்.

வசனம் வரும் இடங்களில் வயலின் ஆபத்தான கருவி. பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி முக்கியம். வயலினின் மேல் தந்தியும் அதன் உபஸ்வரங்களும் அங்கேயே குடியிருக்கின்றன. கதாபாத்திரம் பேசும்போது கீழ் இரண்டு தந்தியோடு நின்றுவிடுங்கள், அல்லது வயலினை விட்டுவிட்டு சுருதித் தளத்தை மட்டும் ஓட விடுங்கள். அவர் பேச்சை நிறுத்தி மூச்சு விடும் இடத்தில் இரண்டு ஸ்வரம் போதும்.

கொடுப்பதும் வாங்குவதும்

முடிந்த இசையை ஒரே ஃபைலாகக் கொடுக்காதீர்கள். வயலின், சுருதித் தளம், தாளம், ஊர்ச் சத்தம் என்று தனித்தனி ஸ்டெம்களாக, எல்லாம் ஒரே இடத்தில் ஆரம்பிக்கும்படி, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் ஃபைலாகக் கொடுங்கள். ஃபைல் பெயரில் படத்தின் பெயர், இசைத்துண்டின் எண், ஆரம்பிக்கும் நேரம் இருக்கட்டும். "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ 2" என்று அனுப்பினால் எடிட்டர் உங்கள் இன்பாக்ஸில் சண்டைக்கு வருவார். படம் யூடியூபுக்குப் போகிறது என்றால் மொத்தச் சத்த அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அருகில் இருந்தால் போதும். அதைவிடக் கூட்டி வைத்தாலும் யூடியூப் குறைத்துவிடும்.

போனில் கேட்டுப் பாருங்கள், ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஷேர் ஆட்டோவில் போனில்தான் பார்ப்பார்கள். கீழ் ஷட்ஜத்தின் சைன் அலை போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே, மெல்லிய சாடூத் அலையில் இன்னொரு தடவை வைத்தால் கேட்கும்.

பணம் பற்றிக் கூச்சப்படாதீர்கள். நண்பன் படத்துக்கு இலவசம் என்றாலும் ஒரு பக்கத் தாள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: யார் இசை, எந்தப் படத்துக்கு, டைட்டிலில் பெயர் எப்படி வரும், இசையைத் தனியாக வெளியிடும் உரிமை யாருக்கு. 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது, படத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்தாலும், தியேட்டரில் அந்தப் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் இசையமைப்பாளருக்கு ராயல்டிப் பங்கு உண்டு என்று வைத்தார்கள். அந்தப் பங்கை விட்டுத்தருகிறேன் என்று எழுதிக் கேட்கும் தாள் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் இசை வெளியாக ஆரம்பித்ததும் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து ஒவ்வொரு துண்டையும் பதிவு செய்யுங்கள்.

ஸ்டெம்களை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், ஒன்று லேப்டாப்புக்கு வெளியே. படம் ஏதாவது விழாவுக்குத் தேர்வானால், ஆறு மாதம் கழித்து "வயலினை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடு மச்சி" என்று போன் வரும்.